பிரேக் உதறலும் சத்தமும்: பழைய கார்க்காரர்களுக்கும் பட்டறைக்காரர்களுக்கும் ஒரு திறந்த மடல்

பழைய கார் வைத்து ஓட்டுகிறவர்களுக்கும், அந்தக் கார்களுக்குப் பிரேக் வேலை பார்க்கும் மெக்கானிக்குகளுக்கும்,

பிரேக்கை மிதித்தால் ஸ்டியரிங் ஆடுவது, பெடல் காலுக்கடியில் துடிப்பது, சக்கரத்திலிருந்து கிரீச்சென்று சத்தம் வருவது ஆகியவை பத்துப் பதினைந்து வருடம் ஓடிய கார்களில் சர்வசாதாரணமான கோளாறுகள். பட்டறையில் இவற்றுக்குக் கிடைக்கும் பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான்: "டிஸ்க் பெண்டு, மாத்திரணும்." டிஸ்க் மாற்றப்படுகிறது, உதறல் நிற்கிறது. சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் அதே உதறல் திரும்பி வருகிறது. இரண்டாம் முறையும் பழி டிஸ்க் மேலேயே விழுகிறது. உண்மையில் டிஸ்க் வளைவது அபூர்வம். அதன் தடிமன் இடத்துக்கு இடம் மாறிப்போவதே வழக்கம். அப்படி மாறவைத்த காரணம் ஹப்பிலோ, வீல் நட்டிலோ, கேலிப்பர் பின்னிலோ இருக்கும். அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்யாமல் போடப்படும் புது டிஸ்க்கும் அதே கதிக்குத்தான் ஆளாகும்.

இந்த மடல் முக்கியமாக மாருதி 800, ஜென், சான்ட்ரோ, இண்டிகா போன்ற, முன்னால் டிஸ்க்கும் பின்னால் டிரம்மும் உள்ள கார்களைப் பற்றியது. நான்கு சக்கரத்திலும் டிரம் உள்ள பழைய அம்பாசிடருக்கு டிரம் பற்றிய பகுதி பொருந்தும்.

டிஸ்க் ஒரு வார்ப்பிரும்புத் தட்டு. இரு பக்கமும் பேட் அதைக் கவ்வும்போது, தட்டின் தடிமன் சுற்றிலும் ஒரே அளவாக இருந்தால் பிடியும் சீராக இருக்கும். ஓரிடத்தில் தடிமன் கூடியிருந்தால், அந்த இடம் பேடுகளுக்கு நடுவே வரும்போதெல்லாம் பிஸ்டன் உள்ளே தள்ளப்படும். பிரேக் ஆயிலின் அழுத்தம் ஒரு கணம் ஏறும். அந்த ஏற்றம் மாஸ்டர் சிலிண்டர் வழியாகப் பெடலுக்கு வந்து சேரும். அதே கணத்தில் பிடியும் கூடுவதால் சக்கரம் லேசாகப் பின்னுக்கு இழுபட்டு ஸ்டியரிங் ஆடும். இதற்குப் பெரிய வித்தியாசம் தேவையில்லை. 0.02 மி.மீ. ஏற்றத்தாழ்வே பல கார்களில் காலுக்குத் தெரிந்துவிடும். தலைமுடியின் பருமனில் அது பாதிகூட இல்லை. கண்ணால் பார்த்தோ விரலால் தடவியோ அதைக் கண்டுபிடிக்க முடியாது.

உதறலின் தாளம் சக்கரம் சுற்றும் வேகத்தோடு ஒட்டியது. மாருதி 800-இல் வரும் 145/70 ஆர்12 டயர் ஒரு சுற்றில் சுமார் 1.6 மீட்டர் உருளும். அப்படியானால் 60 கி.மீ. வேகத்தில் சக்கரம் விநாடிக்குப் பத்து முறைக்குச் சற்று மேல் சுற்றுகிறது. டிஸ்க்கில் ஒரு தடித்த இடம் இருந்தால் விநாடிக்குப் பத்துத் துடிப்பு. இரண்டு இருந்தால் இருபது. வேகம் 30-க்கு இறங்கும்போது துடிப்பும் பாதியாகக் குறையும். வேகத்தோடு சேர்ந்து தாளம் குறையாத உதறல் என்றால் காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும்.

தடிமன் எப்படி மாறுகிறது என்பதுதான் இந்த விஷயத்தின் மையம். அது நடப்பது பிரேக் பிடிக்கும்போது அல்ல, பெரும்பாலும் பிரேக்கைத் தொடாமல் ஓடும்போது. ஹப்பின் மேல் டிஸ்க் நேராக உட்காராமல் சற்றுச் சாய்ந்திருந்தால், சுழலும்போது அது பக்கவாட்டில் ஆடும். பட்டறையில் இதை ரன்-அவுட் என்பார்கள். கேலிப்பர் தன் பின்களின் மேல் நகரக்கூடியது என்பதால், புதிதாகப் பூட்டிய அன்று இந்த ஆட்டத்தைப் பெடலில் உணர முடியாது. ஆனால் நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் ஓடும்போது, ஆட்டத்தின் உச்சியில் உள்ள இடம் ஒவ்வொரு சுற்றிலும் பேடை உரசிச் செல்கிறது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு இது தொடர்ந்தால் அந்த இடம் மட்டும் தேய்ந்து மெலிகிறது. புது டிஸ்க் போட்ட அன்று இல்லாத உதறல் சில மாதம் கழித்து வருவது இதனால்தான். டிஸ்க்கின் தரத்தைக் குறைசொல்வதற்கு முன் அது பூட்டப்பட்ட விதத்தைப் பார்க்க வேண்டும்.

தடிமன் மாற இன்னொரு வழி வெப்பம். பேடின் உரசுபொருளில் மெல்லிய படலம் ஒன்று டிஸ்க் மேல் படிவது இயல்பு. நல்ல பிடிக்கு அது தேவையும்கூட. அந்தப் படலம் ஓரிடத்தில் மட்டும் தடித்துப் படிந்தால் உதறல் வரும். கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளிலோ கொல்லிமலையின் 70 வளைவுகளிலோ, கியரைக் குறைக்காமல் பிரேக்கிலேயே இறங்கி, அடிவாரத்தில் காரை நிறுத்தி, பெடலை மிதித்தபடியே காத்திருந்தால் இது நடக்கும். கொதிக்கும் டிஸ்க்கில் பேட் அழுந்திய இடத்தில் அதன் அச்சு அப்படியே பதிந்துவிடும். சூடு இன்னும் மிஞ்சினால் வார்ப்பிரும்பின் தன்மையே சில இடங்களில் மாறி, சிமென்டைட் என்ற கடினமான இரும்புக் கார்பைடு உண்டாகும். நீலம் பாய்ந்த புள்ளிகள் அதன் அடையாளம். அந்தப் புள்ளிகள் மற்ற இடத்தைவிட மெதுவாகத் தேயும் என்பதால் நாளாக நாளாக மேடாகும். மேலே படிந்த படலத்தை உப்புத்தாள் போட்டு எடுத்துவிடலாம். சிமென்டைட் புள்ளிகள் உள்ளே இறங்கியிருக்கும். லேத்தில் கடைந்தாலும் விரைவில் திரும்பி வரும். அத்தகைய டிஸ்க்கை மாற்றுவதைத் தவிர வழியில்லை.

மூன்றாவது துரு. மாதக்கணக்கில் நிறுத்திவைத்த காரில் பேட் மூடியிருந்த பகுதிக்கும் திறந்திருந்த பகுதிக்கும் வெவ்வேறு அளவில் துரு ஏறும். கடலோர ஊர்களின் உப்புக்காற்றில் இது இன்னும் வேகமாக நடக்கும். மழை நாளுக்கு மறுநாள் காலையில் தெரியும் மேல்துரு நாலைந்து பிரேக்கிலேயே போய்விடும். அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. பேடின் வடிவத்தில் ஆழமாக அரித்த தடம் அப்படிப் போகாது. 2015 சென்னை வெள்ளத்தில் மூழ்கியது போல நீரில் நின்ற கார்களில், டிஸ்க்கோடு டிரம்முக்குள் தங்கிய சேறும் சேர்ந்து அரித்திருக்கும். வெளியே கழுவித் துடைத்தால் போதாது, டிரம்மைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும்.

கோளாறைத் தேடும் வேலை சாலையில் தொடங்க வேண்டும், ஸ்பேனரில் அல்ல. முதலில் பிரேக்கைத் தொடாமல் 60, 80 என்று ஓட்டிப் பார்க்க வேண்டும். அப்போதே ஸ்டியரிங் ஆடினால் வீல் பேலன்ஸ், வீங்கிய டயர், வளைந்த ரிம் ஆகியவற்றை முதலில் பார்த்து முடிக்க வேண்டும். பிரேக்கில் மட்டும் வரும் உதறல் ஸ்டியரிங்கில் தெரிந்தால் பெரும்பாலும் முன்சக்கரம். சீட்டிலும் தரையிலும் தெரிந்து ஸ்டியரிங் அமைதியாக இருந்தால் பின்சக்கரம். சந்தேகம் இருந்தால் கைபிரேக் அதைத் தீர்த்துவைக்கும். முன்னும் பின்னும் வண்டி இல்லாத, ஈரமில்லாத, நேரான சாலையில் 40 கி.மீ. வேகத்தில், லீவரின் பட்டனை விடாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டு கைபிரேக்கை மெதுவாக இழுக்க வேண்டும். இந்தக் கார்களில் கைபிரேக் பின் டிரம்மை மட்டுமே பிடிப்பதால், அப்போது உதறல் வந்தால் கோளாறு டிரம்மில். பட்டனை விட்டால் லீவர் பூட்டிக்கொண்டு பின்சக்கரம் சறுக்கும் என்பதால் இதில் விளையாட்டுக் கூடாது.

ஏ.பி.எஸ். உள்ள கார்களில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மணல் சிதறிய சாலையில் ஓங்கி மிதிக்கும்போது பெடல் துடிப்பது அந்த அமைப்பு வேலை செய்வதன் அடையாளம், கோளாறு இல்லை. அதே துடிப்பு, நல்ல சாலையில் மெதுவாக நிறுத்தும்போது, கார் நிற்பதற்குச் சற்று முன்பு மட்டும் வந்தால் டிஸ்க்கைச் சந்தேகிப்பது தவறு. சக்கர வேகத்தைக் காட்டும் பல்வளையம் துருவால் வெடித்திருக்கலாம். சென்சார் முனையில் இரும்புத்தூள் சேர்ந்திருக்கலாம். ஏ.பி.எஸ். ஃபியூசை எடுத்துவிட்டு, ஆளில்லாத இடத்தில் மெதுவாக ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். துடிப்பு நின்றால் வேலை வளையத்திலும் சென்சாரிலும்தான் இருக்கிறது. சோதனை முடிந்ததும் ஃபியூசைத் திரும்பப் போட மறக்கக் கூடாது.

சாலையில் ஓட்டி வந்த சூட்டோடு இன்னொரு சோதனையும் உண்டு. பத்து கிலோமீட்டர் போல, பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டிவிட்டு, நான்கு சக்கரத்துக்கு அருகிலும் கையை நீட்டி அனலைப் பார்க்க வேண்டும், தொடக் கூடாது. வெப்பம் அளக்கும் கன் இருந்தால் இன்னும் நல்லது. ஒரு பக்கம் மட்டும் கொதித்தால் அந்தச் சக்கரத்தில் பிரேக் விடாமல் இழுத்துக்கொண்டிருக்கிறது. காரைத் தூக்கிச் சக்கரத்தைக் கையால் சுற்றினால் இறுக்கமாக வரும். அப்போது ப்ளீடிங் நிப்பிளைச் சற்றுத் திறந்ததும் சக்கரம் விடுபட்டால், அழுத்தம் உள்ளே சிறைப்பட்டிருந்தது என்று பொருள். பழைய கார்களில் அதற்கு வழக்கமான காரணம் ரப்பர் ஹோஸ். வெளியே பார்க்க நன்றாக இருக்கும். உள்ளே வீங்கிப்போய், ஆயிலைப் போகவிட்டுத் திரும்பவிடாமல் பிடித்துக்கொள்ளும். நிப்பிளைத் திறந்தும் விடுபடாவிட்டால் பிஸ்டனோ பின்னோ இறுகியிருக்கிறது.

பழைய வண்டிக்கே உரிய ஒன்றும் உண்டு. லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், டை ராட் எண்ட், ஸ்டியரிங் ராக் புஷ் ஆகியவை தேய்ந்திருந்தால், புது வண்டியில் உணரவே முடியாத சிறு ஏற்றத்தாழ்வைக்கூட அவை பெரிதாக்கிக் கைக்குக் கொண்டுவரும். டிஸ்க் மாற்றியும் உதறல் பாதிதான் குறைந்தது என்ற புகார் பலமுறை இங்கேதான் வந்து முடிகிறது. காரை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தால் பேரிங் ஆட்டமும் பால் ஜாயின்ட் ஆட்டமும் தெரியும். இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் டை ராட் தெரியும். பேரிங்கில் ஆட்டம் இருந்தால் அதை முடிக்காமல் டிஸ்க்கை அளப்பதில் பயனில்லை. அளவே பொய்யாக வரும்.

அளப்பதற்கு இரண்டு கருவிகள் வேண்டும்: மைக்ரோமீட்டர், டயல் கேஜ். வெர்னியர் போதாது. டிஸ்க்கின் விளிம்பில் தேயாமல் நிற்கும் வரப்பின் மேல் அது உட்கார்ந்துகொண்டு தடிமனைக் கூட்டிக் காட்டும். 0.01 மி.மீ. கணக்கில் நம்பும்படியாகவும் படிக்காது. விளிம்பிலிருந்து சுமார் 10 மி.மீ. உள்ளே, சுற்றிலும் சமதூரத்தில் எட்டு இடங்களில் மைக்ரோமீட்டரை வைத்து எழுதிக்கொள்ள வேண்டும். மிகப் பெரிய எண்ணுக்கும் மிகச் சிறிய எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் 0.02 மி.மீ.-ஐத் தாண்டினால் உதறலுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. மிகச் சிறிய எண், டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனுக்குக் கீழே போயிருந்தால் அந்த டிஸ்க்கை எந்த லேத்துக்கும் அனுப்பக் கூடாது.

டயல் கேஜ் பக்க ஆட்டத்தைக் காட்டும். சக்கரத்தைக் கழற்றியதும் டிஸ்க் தளர்ந்து நிற்கும் என்பதால், பொருத்தமான வாஷர் வைத்து வீல் நட்டுகளைப் போட்டு அதை ஹப்போடு இறுக்க வேண்டும். கேஜின் முனையை, அதே 10 மி.மீ. உள்ளே உள்ள வட்டத்தில் வைத்து, டிஸ்க்கை ஒரு முழுச் சுற்று மெதுவாகத் திருப்ப வேண்டும். முள் எங்கிருந்து எங்குவரை போய் வருகிறது என்பதே ரன்-அவுட். பல கார்களின் கையேடு 0.10 மி.மீ. அளவில் வரம்பு வைக்கிறது. பழைய சில கார்களுக்கு 0.15 வரை உண்டு. 0.05-க்குள் கொண்டுவந்துவிட்டால் அந்த டிஸ்க் நெடுநாள் உழைக்கும். முள் உச்சிக்குப் போன இடத்தில் சாக்பீஸால் டிஸ்க்கிலும் ஹப்பிலும் ஒரு கோடு போட்டுக்கொள்ள வேண்டும்.

அந்தக் கோட்டால்தான் குற்றவாளி பிடிபடும். டிஸ்க்கைக் கழற்றி, ஒரு ஸ்டட் தள்ளித் திருப்பிப் பூட்டி, மீண்டும் அளக்க வேண்டும். உச்சி டிஸ்க்கின் கோட்டோடு சேர்ந்து நகர்ந்திருந்தால் கோளாறு டிஸ்க்கில். ஹப்பின் கோட்டிலேயே நின்றுவிட்டால் கோளாறு ஹப்பில். எத்தனை டிஸ்க் மாற்றினாலும் போகாது. கால் மணி நேர வேலை இது. இதைச் செய்யாமல் டிஸ்க் வாங்கச் சொல்வது வாடிக்கையாளரின் பணத்தை வைத்துச் சூதாடுவதாகும். சில வண்டிகளில் டிஸ்க் ஹப்பின் பின்பக்கம் போல்ட் செய்யப்பட்டிருப்பதால் ஹப்பைக் கழற்றாமல் டிஸ்க் வராது. அங்கே வேலை கூடும். ஆனாலும் ஹப்பைக் கழற்றிய பிறகாவது டயல் கேஜ் வைத்துப் பார்த்தாக வேண்டும்.

ஹப்பில் என்ன தேட வேண்டும்? பழைய காரில் டிஸ்க்கைத் தட்டி எடுத்ததும், ஹப்பின் முகத்தில் ஸ்டட்டுகளைச் சுற்றிச் செம்பழுப்பு நிறத்தில் துரு செதில் செதிலாக ஒட்டியிருக்கும். ஸ்குரூ டிரைவரால் சுரண்டினால் பொருக்குப் பொருக்காக உதிரும். அதில் 0.05 மி.மீ. செதில் ஒன்று ஹப்பின் ஓரத்தில் ஒரு பக்கம் மட்டும் நின்றாலும் டிஸ்க் சாய்ந்துதான் உட்காரும். டிஸ்க்கின் விட்டம் ஹப்பைவிடப் பெரியது என்பதால், விளிம்பில் அந்தச் சாய்வு ஒன்றரை மடங்குக்கு மேலாகிவிடும். ஆகவே ஹப்பின் முகம் முழுவதும், முக்கியமாக ஒவ்வொரு ஸ்டட்டின் அடியைச் சுற்றியும், நடுமேட்டின் மூலையிலும், வயர் பிரஷும் உப்புத்தாளும் போட்டு வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்க்க வேண்டும். டிஸ்க்கின் உள்முகத்துக்கும் ரிம்மின் உள்முகத்துக்கும் இதே வேலை உண்டு. பழைய டிஸ்க்கைத் தட்டி எடுக்கும்போது சுத்தியலை ஹப்பின் முகத்தில் போட்டுப் பிசிறு எழும்பியிருந்தால், அதையும் அரத்தால் நீவிவிட வேண்டும். சுத்தம் செய்த முகத்தில் கிரீஸை அள்ளிப் பூசுவதும் தவறு. புது டிஸ்க்கில் துருப்பிடிக்காமலிருக்கப் பூசி வரும் எண்ணெயைப் பிரேக் கிளீனரால் துடைத்துவிட்டே பூட்ட வேண்டும்.

அடுத்து வீல் நட். ஹப்பும் டிஸ்க்கும் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், நட்டுகளை ஏறுமாறாக இறுக்கினால் டிஸ்க் முறுக்கிக்கொள்ளும். பஞ்சர் கடையில் ஏர் கன்னால் ஒரு நட்டை முழு வேகத்தில் இறுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போவது இதற்கு நேர்வழி. டயர் மாற்றிய சில வாரத்துக்குப் பிறகு பிரேக் உதறல் தொடங்கினால் முதலில் இங்கேதான் பார்க்க வேண்டும். எதிரெதிர் நட்டுகளை மாற்றி மாற்றி, இரண்டு மூன்று சுற்றாக, கடைசிச் சுற்றில் டார்க் ரெஞ்ச் வைத்து, அந்தக் காரின் கையேடு சொல்லும் அளவுக்கு இறுக்க வேண்டும். பெரும்பாலான சிறிய கார்களுக்கு அது 80 முதல் 110 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். காலால் ஏறி மிதித்து இறுக்கும் நட் இந்த அளவை எளிதில் தாண்டிவிடும்.

கேலிப்பர் பின்கள் மூன்றாவது இடம். பின்னின் ரப்பர் உறை கிழிந்து நீர் புகுந்தால் கிரீஸ் காய்ந்து, பின் இறுகிவிடும். அப்போது பிஸ்டன் பக்கத்துப் பேட் மட்டுமே வேலை செய்யும். கழற்றிய இரண்டு பேடுகளை அருகருகே வைத்தாலே கதை தெரியும்: உட்பக்கத்துப் பேட் இரும்புவரை தேய்ந்திருக்க, வெளிப்பக்கத்துப் பேடில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தால் பின் நகரவில்லை. ஒரே பேட் ஒரு முனையில் தடித்து மறுமுனையில் மெலிந்து ஆப்பு வடிவில் தேய்ந்திருந்தாலும் இதே சந்தேகம்தான். பின்னை வெளியே எடுத்து, துருவைத் துடைத்து, பிரேக்குக்கென்றே வரும் சிலிக்கான் கிரீஸைப் போட வேண்டும். சாதாரண வீல் பேரிங் கிரீஸ் ரப்பரை ஊதவைத்துப் பின்னை இன்னும் இறுக்கிவிடும். கேலிப்பர் ரப்பரையும் வீல் சிலிண்டர் கப்பையும் பெட்ரோலிலோ டீசலிலோ கழுவும் பழக்கத்தையும் அடியோடு விட வேண்டும். கழுவிய அன்று பளிச்சென்று இருக்கும் ரப்பர் சில வாரத்தில் ஊதிப் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொள்ளும்.

பின் டிரம்மில் உதறலுக்குக் காரணம் வட்டம் கெட்டுப்போவது. மலை இறங்கிக் கொதித்து நிற்கும் டிரம்மைக் கைபிரேக் போட்டு இறுக்கிவிட்டால், ஷூ அழுத்திய நிலையிலேயே அது ஆறி நீள்வட்டமாகிவிடலாம். சூடாக இருக்கும்போது சமதரையில் கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கல் வைப்பதே நல்லது. டிரம்மைக் கழற்றி உள்விட்டத்தை நாலு திசையில் அளந்தால் வித்தியாசம் தெரியும். கடைவதற்கு வரம்பு டிரம்மிலேயே வார்த்திருக்கும் அதிகபட்ச விட்டம். ஷூ நனைந்திருந்தால் அது வேறு கதை. வீல் சிலிண்டரிலிருந்து பிரேக் ஆயிலோ, ஆக்சில் சீலிலிருந்து கியர் ஆயிலோ கசிந்தால் பிரேக் வெடுக் வெடுக்கென்று பிடிக்கும். கசிவை நிறுத்தி ஷூவை மாற்ற வேண்டும். நனைந்த ஷூவை நெருப்பில் காட்டிக் காயவைத்துப் போடுவது உயிரோடு விளையாடுவது.

சத்தத்துக்கு வந்தால், எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்பதே பாதிப் பதிலைச் சொல்லிவிடும். ஓடும்போது மெல்லிய கிரீச்சொலி தொடர்ந்து கேட்டு, பிரேக்கை மிதித்ததும் நின்றால் பேட் தேய்ந்து முடியப்போகிறது. அதற்கென்றே பேடின் ஓரத்தில் வைத்த இரும்பு நாக்கு டிஸ்க்கைத் தொடத் தொடங்கிவிட்டது. பேடில் 2, 3 மி.மீ. மட்டுமே மிச்சம் இருக்கும். விலை குறைந்த பல பேடுகளில் அந்த நாக்கே கிடையாது என்பதால் சத்தம் வராததை நல்ல சகுனமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மிதிக்கும்போது கொரகொரவென்று அரைத்தால் இரும்பும் இரும்பும் உரசுகின்றன. அந்தக் காரை அதற்குமேல் ஓட்டக் கூடாது.

பிரேக் பிடிக்கும்போது மட்டும் காதைத் துளைக்கும் கீச்சொலி, பேடும் டிஸ்க்கும் கேலிப்பரும் சேர்ந்து அதிர்வதால் வருவது. பேடின் முகம் கண்ணாடி போலப் பளபளத்திருக்கலாம், முதுகில் இருக்க வேண்டிய ஷிம் தகடு காணாமல் போயிருக்கலாம், பேடைத் தாங்கும் கிளிப் வலுவிழந்திருக்கலாம், அல்லது பேடே மிகக் கடினமான ரகமாக இருக்கலாம். பழைய ஷிம்மைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பேடை மட்டும் மாற்றுவது பட்டறைகளில் அடிக்கடி நடக்கிறது. புது பேட் போட்ட மறுநாளே கீச்சொலி வரும் காரின் கதை இதுதான். பேடின் முகத்தில் ரம்பத்தால் கோடு கிழிப்பது சில நாள் பலன் தரும், தீர்வாகாது. பேடின் முதுகிலும், காதுகள் உட்காரும் இடத்திலும் சூடு தாங்கும் கிரீஸை மெல்லிசாகத் தடவி, ஷிம்மும் கிளிப்பும் புதிதாகப் போட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். உரசும் முகத்தில் ஒரு துளி பட்டாலும் அந்தப் பேட் கெட்டது.

முன்னும் பின்னும் திசை மாற்றியபின் முதல் பிரேக்கில் ஒரே ஒரு 'டொக்' கேட்டால் பேட் தன் இருக்கையில் நகர்கிறது. லேசாக இருந்தால் விட்டுவிடலாம். ஒவ்வொரு பிரேக்கிலும் கேட்டால் பின்னோ கிளிப்போ தளர்ந்திருக்கிறது, இல்லையென்றால் லோயர் ஆர்ம் புஷ் போயிருக்கிறது. பிரேக்குக்குச் சம்பந்தமில்லாமல் உரசும் சத்தம், டிஸ்க்குக்கும் அதன் பின்னுள்ள தகட்டுக்கும் நடுவில் மாட்டிய சிறு கல்லாகவோ, வேலை பார்க்கும்போது வளைந்த அந்தத் தகடாகவோ இருக்கும். வளைவில் திரும்பும்போது கூடிக் குறையும் ஊளைச் சத்தம் பேரிங்குடையது. டிரம்மிலிருந்து முனகல் வந்தால், பேக் பிளேட்டில் ஷூவின் ஓரம் உட்காரும் மேடுகள் காய்ந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அந்த மேடுகளில் சூடு தாங்கும் கிரீஸை விரல் நுனியளவு தொட்டு வைத்தாலே முனகல் போய்விடுவதுண்டு. புதிதாகக் கடைந்த டிரம்மில் டொக்கு டொக்கென்று கேட்டால் லேத் முனை மரை போல வரி விட்டிருக்கிறது. ஷூ அந்த மரையில் ஏறிப் பக்கவாட்டில் இழுபட்டுத் துள்ளித் திரும்புகிறது.

லேத் வேலை பற்றியும் சொல்லியாக வேண்டும். ஊர்ப் பட்டறை லேத்தில் டிஸ்க்கை விளிம்பில் கவ்விக் கடைந்தால், முகம் பளபளப்பாக வரும். ஆனால் ஹப்பில் உட்காரும் முகத்துக்கு இணையாக வந்திருக்காது. அந்த முகத்தைச் சுத்தம் செய்து, அதையே ஆதாரமாக வைத்துக் கடைய வேண்டும். காரிலேயே பூட்டிக் கடையும் இயந்திரம் கிடைத்தால் அது சாலச் சிறந்தது. ஹப்பின் குறையும் சேர்ந்தே ஈடுகட்டப்படும். எப்படிக் கடைந்தாலும், காரில் பூட்டியபின் டயல் கேஜ் ஒரு முறை பேச வேண்டும். சிறிய காரின் மெல்லிய டிஸ்க்குக்குப் புது டிஸ்க்கின் விலையும் கடையும் கூலியும் பெரிதாக வேறுபடுவதில்லை என்றால் புதிது போடுவதே மேல். மாற்றினால் ஒரே அச்சின் இரண்டு பக்கமும் மாற்ற வேண்டும்.

புது பேடைப் பழக்குவதும் வேலையின் ஒரு பகுதி. 60-இலிருந்து 20-க்கு மிதமாகக் குறைத்து, முழுதாக நிறுத்தாமல், நடுவில் ஆறவிட்டுப் பத்துப் பதினைந்து முறை செய்தால் படலம் சீராகப் படியும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை பிரேக் ஆயிலை மாற்றுவதும் அவசியம். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்காமல் தாங்கும். ஈரத்தை உறிஞ்சியபின் அந்த உத்தரவாதம் 140 டிகிரிக்கு இறங்கிவிடும். டாட் 4-க்கு அதே கணக்கு 230-உம் 155-உம். மலையில் பெடல் தரைவரை இறங்கிப்போவதற்கு இந்த ஈரமும் ஒரு காரணம்.

டிரம்மைத் திறந்ததும் காற்றடித்துத் தூசியை ஊதும் பழக்கம் மெக்கானிக்குகளின் நுரையீரலுக்கு நேரான கேடு. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அது புற்றுநோயை உண்டாக்கும். பிரேக் கிளீனரால் நனைத்துத் துடைக்க வேண்டும். முகக்கவசம் போட வேண்டும். பக்கத்தில் டீ வாங்கிவந்து நிற்கும் பையனையும் தள்ளி நிறுத்த வேண்டும். உதிரிபாகம் வாங்குவதில் கஞ்சத்தனம் வேண்டாம். 1962-இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா போன்ற தொழிற்சாலைகள் சென்னைப் பாடியிலேயே இருக்கும்போது, பெயரில்லாத பெட்டியில் வரும் பேடை நம்ப வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

தனியார் கார்களுக்குப் பதினைந்து வருடத்தில் பதிவு முடிந்து, அதன்பின் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கப்படுகிறது. அப்படிப் புதுப்பித்து ஓடும் கார்கள் ஏராளம். அவற்றுக்குப் பிரேக் வேலை பார்க்கும் பட்டறைகளுக்கு ஒரு வேண்டுகோள்: ஒவ்வொரு பிரேக் வேலைக்கும் பில்லில் நான்கு எண்களை எழுதித் தர வேண்டும். டிஸ்க்கின் குறைந்த தடிமன், தடிமன் வித்தியாசம், பூட்டியபின் எடுத்த ரன்-அவுட், அன்றைய கிலோமீட்டர். கார் வைத்திருப்பவர்கள் அந்தப் பில்லைக் கேட்டு வாங்கி, ஆர்.சி.யோடு சேர்த்துப் பத்திரமாக வைக்க வேண்டும்.